மருமகன் போட்ட மஞ்சள் கோடு

மருமகனே, சுங்கைப் பட்டாணியில உன் மசாலா மில்லுக்கு முன்னால புதுசா ஒரு பேனர் தொங்குதுன்னு பீடோங் வரைக்கும் சேதி வந்துச்சு. சும்மா இருப்பேனா? மோட்டாரை எடுத்துக்கிட்டு வந்து பாத்துட்டேன். 'தொடர் முன்னேற்றமே எங்கள் மூச்சு'ன்னு போட்டிருக்கே. எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளே போனா மூச்சு விட முடியலையேப்பா. காத்தை வெளிய தள்ளுற ஃபேன் நின்னு போயி மாசக்கணக்காச்சாம். மிளகா அரைக்கிற நேரத்துல உள்ளே நிக்கிற ஆளு மொதல்ல தும்மி முடிக்கணும். அப்புறந்தானே உன் முன்னேற்றத்தைப் பத்தி யோசிப்பான்?

கோவிச்சுக்காதே. தாய்மாமன் வாயி சீர் செய்யுறப்ப இனிக்கும், கணக்குக் கேக்குறப்ப கசக்கும். நான் ரப்பர் தோட்டத்துல மண்டோரா, ஆளுங்களை மேய்க்கிறவனா இருந்து ஓஞ்ச ஆளு. ஜப்பான் பக்கம் போனதில்ல. ஆனா வேலை செய்யுறவன் எப்ப வாயைத் திறப்பான், எப்ப மூடுவான்னு ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல ஒரு ஆயுசு பூரா நின்னு பாத்தவன். உன் பயிற்சிக்காரர் படம் போட்டுக் காட்டுனது எல்லாம் அந்தக் களத்துல அரிக்கேன் வெளிச்சத்துலயே நடந்து முடிஞ்ச கதைதான்.

பயிற்சின்னதும் ஞாபகம் வருது. பத்து உள்ளூர் ஆளை வெச்சிருந்தாலே சம்பளத்துல நூத்துக்கு ஒரு வெள்ளி, பயிற்சிக்குன்னு எச்.ஆர்.டி. லெவி கட்டணும். கட்டுன பணம் சும்மா கிடக்குதேன்னு உனக்கு வயித்தெரிச்சல். அந்த நேரம் பாத்து ஒருத்தர் கழுத்துப்பட்டியோட வந்து நின்னாரு. ஹோட்டல்ல ரெண்டு நாள் கூட்டம், மத்தியானம் பஃபே, சாயங்காலம் சர்ட்டிபிகேட், ஆளுக்கொரு டி-சட்டை. போனது யாரு? நீ, உன் பொண்டாட்டி, கணக்கெழுதுற பொண்ணு, சூப்பர்வைசரு. மெஷின்ல நிக்கிறவங்களை ஏன் கூப்பிடலன்னு கேட்டேன். 'அவங்களும் வந்துட்டா மில்லை யாரு மாமா ஓட்டுறது?'ன்னே. நல்ல பதில். ஆக, மில்லை ஓட்டுறவங்களுக்கு மில்லைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, மில்லை ஓட்டாதவங்க நாலு பேருக்கு எல்லாம் வெளங்கிடுச்சு.

அதோட, உனக்கு ஜப்பான் மேல எப்பேர்ந்து பாசம் வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில குறைஞ்சபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலேர்ந்து 1,700 ஆச்சு பாரு, அந்த வாரமே நீ புத்தகக் கடையில நின்னே. கழிவைக் குறைக்கணும், கழிவைக் குறைக்கணும்னு மந்திரம் ஓதுனே. உன் கண்ணு போன எடத்தைப் பாத்தா, நீ கழிவுன்னு சொன்னது தரையில கிடந்த மிளகாக் காம்பை இல்ல, மூலையில சாக்குத் தைக்கிற கெழவனைன்னு எனக்குப் பட்டுச்சு. எனக்கே பட்டுச்சுன்னா, அந்தக் கெழவனுக்குப் படாமலா இருக்கும்?

இங்கதான் முதல் கோணல். அதைப் பின்னால பேசுவோம். முதல்ல உன் மில்லைச் சுத்திப் பாத்ததைச் சொல்றேன்.

தரையில மஞ்சள் கோடு போட்டிருக்கே. நடக்குற வழி இது, சாமான் வைக்கிற எடம் இதுன்னு. அஞ்சு எஸ்ஸாம், ஜப்பான்காரன் பேரு. வேண்டாததைக் கழி, வேணுங்கிறதை எடத்துல வை, துடை, அதையே முறையாக்கு, பழக்கமாக்கு. நல்ல விஷயந்தான். மலேசிய உற்பத்தித்திறன் கழகம் இதுக்குச் சான்றிதழே கொடுக்குது. 1962-லயே தேசிய உற்பத்தித்திறன் மையம்னு தொடங்குன எடம் அது, நேத்து முளைச்சதில்ல. ஆனா உன் மஞ்சள் கோட்டு மேலயே மல்லி மூட்டை ஏறி உக்காந்திருக்கே, அதை என்ன சொல்ல? மூட்டை எறக்குறவன் கோட்டைப் பாத்தானா, எடத்தைப் பாத்தானா? எடம் இல்ல. ஏன் இல்ல? உள் அறை பூரா பாக்கெட்டுக் கட்டு. மூணு வருஷத்துக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாக்கெட்டை ஒரே தடவையா அச்சடிச்சுட்டே, விலை சல்லிசுன்னு. அச்சடிச்ச மறு மாசம் கடை போன் நம்பரை மாத்துனே. இப்ப ஒரு பொண்ணு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பழைய நம்பர் மேல புது நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுது. விரல் நுனி பூரா பசை. அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் 1,700. சல்லிசா வாங்குன பாக்கெட்டு இப்ப என்ன விலையாச்சுன்னு கணக்கெழுதுற பொண்ணைக் கேளு.

டொயோட்டாவுல தாய்ச்சி ஓனோன்னு ஒருத்தர் இருந்தாரு. 1912-ல பொறந்து 1990-ல போனவரு. நீ டி-சட்டையில போட்டிருக்கிற கொள்கைக்கெல்லாம் மூலவர். வீணுன்னு ஏழு வகை சொன்னாரு. காத்திருக்கிறது, தூக்கிக்கிட்டு அலையிறது, சேத்து வைக்கிறது, தப்பாச் செஞ்சுட்டுத் திருத்துறது, இன்னும் மிச்சம். அதுல ரொம்ப மோசம் எதுன்னா, தேவைக்கு மேல செஞ்சு குவிக்கிறதுன்னாரு. குவிச்சு வெச்சா மத்த ஆறும் அந்தக் குவியலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். அவரு இன்னொண்ணும் செய்வாராம். அதிகாரிகளைக் கூட்டியாந்து, பேக்டரித் தரையில சாக்பீஸால ஒரு வட்டம் போட்டு, இதுக்குள்ள நின்னு பாருன்னு விட்டுட்டுப் போயிடுவாரு. மணிக்கணக்கா நிக்கணும். என்ன பாத்தேன்னு வந்து கேப்பாரு. ஒண்ணும் தெரியலன்னா, இன்னும் நில்லு.

நீயும் கோடு போட்டே. அவரு போட்ட கோடு அதிகாரி நிக்க. நீ போட்ட கோடு தொழிலாளி தாண்டாம இருக்க.

உன்னை ஒரு நாள் அந்தப் பெரிய அரவை மெஷின் பக்கத்துல நிறுத்தணும்னு எனக்கு ஆசை. அங்க ஒரு சிவப்பு பட்டன் இருக்கு, அமுக்குனா மெஷின் நிக்கும். அதுக்கு முன்னால நாலு மூட்டை சீரகம். எட்டிக் கை போட்டாலும் எட்டாது. எட்டுனாலும் ஆகாது, ஏன்னா 'என்னைக் கேக்காம யாரும் அமுக்கக் கூடாது'ன்னு சூப்பர்வைசர் உத்தரவு. அங்க நிக்கிற நேப்பாளத் தம்பி சொன்னான், மலாயும் சைகையுமா. சல்லடை கிழிஞ்சு தூள் கொரகொரன்னு வந்தாக்கூட, அவன் ஓடிப் போயி சூப்பர்வைசரைத் தேடணும். அவரு டீக்கடையில இருப்பாரு. அதுக்குள்ள ரெண்டு சாக்கு கெட்டுப் போகும்.

டொயோட்டா குடும்பத்துப் பெரியவர் சாக்கிச்சி டொயோடா, காரு செஞ்சவரு இல்ல, தறி செஞ்சவரு. 1924-ல அவரு முடிச்ச தறியில ஒரு நூல் அறுந்தாலே தறி தானா நின்னுடும். கெட்ட துணியை நெஞ்சு தள்ளுறதை விட நிக்கிறது மேல். அந்த யோசனைதான் பின்னால கார் பேக்டரியில கயிறா வந்துச்சு. வரிசையில நிக்கிற எந்த ஆளும் தப்பைக் கண்டா கயித்தை இழுக்கலாம். மேஸ்திரி ஓடியாருவாரு. உடனே சரி பண்ண முடியலன்னா வரிசையே நிக்கும். ஓடியாரவன் முதல்ல கேக்குறது 'என்னாச்சு?' உன் மில்லுல முதல்ல கேக்குறது 'யார்றா அமுக்குனது?' மெஷின் ஒண்ணா இருக்கலாம், பட்டன் ஒண்ணா இருக்கலாம். கேள்வி வேற. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு கூலிம் ஹைடெக் பார்க்குல, 1996-ல தொறந்தாங்களே அங்க, ஒரு சிப் பேக்டரியில இருக்கா. அவகிட்ட விசாரிச்சேன். 'தப்பைக் கண்டா நிறுத்தலாம் தாத்தா, பேரைக் கடைசியாத்தான் எழுதுவாங்க'ன்னா. தோட்டத்துல அவ பாட்டிக்கு அந்த யோகம் இல்ல.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். உன் மில்லுல உண்மையாவே ஒரு முன்னேற்றம் நடந்துச்சு மருமகனே. உனக்குத் தெரியாது. தெரியாததாலதான் நடந்துச்சு.

மல்லி அரைச்சு முடிச்சா மெஷினைக் கழுவித் துடைக்கணும், அப்புறம் மிளகா. மறுபடி துடைக்கணும், அப்புறம் கறித்தூள். மறுபடி துடைக்கணும், அப்புறம் மஞ்சள். சல்லடையைக் கழட்டி, தூரிகை போட்டு, பச்சரிசி ஒரு படி போட்டு ஓட்டி, மறுபடி மாட்டணும். ஒவ்வொரு தடவையும் முக்கா மணி நேரம். இந்தக் கழுவுற வேலைக்குப் பயந்துதான் நீ ஒரே சரக்கை ரெண்டு நாளைக்குச் சேத்து அரைக்கச் சொல்றே. அரைச்சது குவியுது. குவிஞ்ச மிளகாத்தூள் நெறம் வெளுக்குது. வெளுத்ததைக் கடைக்காரன் திருப்பி அனுப்புறான். நீ வியாபாரம் மந்தம்ங்கிறே.

பாடாங் செராயிலேர்ந்து பஸ் ஏறி வர்ற அக்கா ஒண்ணு இருக்குல்ல, தலையில துண்டு கட்டிக்கிட்டு, அது ஒரு நாள் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிச்சாம். 'ஐயா, முதல்ல மல்லி. மல்லி மிச்சம் மிளகாயில சேந்தா என்ன கெட்டுப் போச்சு? அதுக்கு அடுத்து கறித்தூள். கறித்தூள்ல மல்லியும் இருக்கு, மிளகாயும் இருக்கு, மெஷின்ல ஒட்டுனது அதுலயே போயிடும். அப்புறம் ஒரே ஒரு கழுவு. கடைசியா மஞ்சள்.' மூணு கழுவு ஒண்ணாச்சு. சூப்பர்வைசர் என்ன சொன்னாரு? 'உன் வேலையைப் பாரு'ன்னாரு. அது என்ன, மாரியம்மன் கோயில் வேலையையா பாத்துச்சு? அதோட வேலையைப் பாத்ததாலதானே சொல்லிச்சு.

அவரு லீவுல போன வாரத்துல அக்காவே அப்படி ஓட்டிப் பாத்துச்சு. ஜாம் ஜாம்னு ஓடிச்சு. ஷிகெயோ ஷிங்கோன்னு ஒரு ஜப்பான் இஞ்சினியரு, 1969-ல டொயோட்டாவுல ஆயிரம் டன் அழுத்து மெஷினுக்கு அச்சு மாத்துற நாலு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கி, அப்புறம் மூணே நிமிஷமாக்குனாரு. உலகம் பூரா பேரு. நம்ம அக்கா செஞ்சதும் அந்தச் சாதிதான். பேருதான் இல்ல. சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமா அரைக்கலாம், தினம் எல்லாச் சரக்கும் புதுசா வெளிய போகலாம்னு ஆயிடுச்சு. அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சுச்சு, எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க.

மாசக் கடைசி வந்துச்சு. ஓவர்டைம் இல்ல. அக்கா கைக்கு வந்த சம்பளத்துல இருநூறு வெள்ளிகிட்டக் கொறைஞ்சு போச்சு. மகன் டியூஷன் காசு, பஸ் காசு, கூட்டுச் சீட்டும் கட்டணும். மறு மாசம் மல்லி, கழுவு, மிளகா, கழுவு, கறித்தூள், கழுவு, மஞ்சள். பழையபடி ஆறரை மணி வரைக்கும் வேலை. நான் கேட்டேன், ஏம்மா விட்டுட்டேன்னு. 'எனக்கென்னங்க தெரியும், சூப்பர்வைசர் சொல்றாரு, செய்யுறேன்'னு சிரிச்சுது. அந்தச் சிரிப்பை நான் நல்லா அறிவேன். அது எங்க தோட்டத்துச் சிரிப்பு.

எங்க தோட்டம், பேரு வேணாம் விடு, வெட்டுற ஆளுங்க நெஜமாவே கெட்டிக்காரங்க. விடியக் கருக்கல்ல மரத்துல பால் வேகமா எறங்கும், வெயில் ஏற ஏறக் கொறையும். எந்த மரம் எவ்வளவு கொடுக்கும்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு மாசம் ஒரு நெரைக்காரி நல்லாப் பால் கொண்டாந்தா. கிராணி பாலோட கெட்டி பாக்குற மெட்ரோலாக்கை விட்டுப் பாத்து, நிறுத்து, எழுதுனாரு. ஆபிஸ்ல அந்த எண்ணைப் பாத்தாங்க. பாராட்டுனாங்களா? 'அவளால முடியுதுன்னா மத்தவளுக்கு என்ன கேடு?'ன்னு எல்லாருக்கும் கணக்கை ஏத்துனாங்க. அடுத்த மாசம் அவளை லயத்துல ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசல. அதுக்கப்புறம் எங்க ஆளுங்க அளவாத்தான் பால் கொண்டாந்தாங்க. ஒரு சொட்டு கூட இல்ல, ஒரு சொட்டு கொறைய இல்ல. மிச்சம் மரத்துல பால் பிடிக்கிற மங்குலயே ஒறைஞ்சு கட்டிப்பால் ஆகும், மறு வெட்டுக்குப் பொறுக்கிக்கலாம். கட்டிப்பாலுக்கு விலை மட்டம். நட்டம் துரைக்கு. துரை லண்டனுக்கு என்ன எழுதுனாரோ, மரத்துக்கு வயசாச்சுன்னு எழுதியிருப்பாரு. மரத்துக்கு ஒண்ணும் ஆகல. நம்பிக்கைதான் பட்டுப் போச்சு.

மண்டோரா இருந்த எனக்கு இது தெரியாதான்னு கேப்பே. தெரியும். நான் சொன்னா என் நெரைக்கும் கணக்கு ஏறும். நான் என்ன மடையனா?

ஓனோ இன்னொரு வித்தை சொல்லிக் கொடுத்தாரு. தப்பு நடந்தா அஞ்சு தடவை 'ஏன்'னு கேளுன்னு. உன் சுவத்துலயும் ஒட்டியிருக்கே. அதுல முதல் ஏனுக்கே ஒரு தொழிலாளி பேரை எழுதி முடிச்சுட்டீங்க. ஒரு தோட்டத்துக் கதை சொல்றேன், கேளு. ஒரு நாள் ஸ்டோருக்கு வந்து சேர்றதுக்குள்ள வாளியிலயே பால் ஒறைஞ்சு கிடக்குது. கண்டக்டர் வந்தாரு, அந்த அம்மாளைத் திட்டுனாரு, அன்னையக் கணக்குல கையை வெச்சாரு, போயிட்டாரு. விசாரணை முடிஞ்சுது. நெஜமா கேட்டிருந்தா? பால் ஏன் ஒறைஞ்சுது? மங்கு அழுக்கு. மங்கை ஏன் தொடைக்கல? நேரம் இல்ல. ஏன் இல்ல? பக்கத்து நெரைக்காரி பிரசவத்துக்குப் போயிட்டா, அவ மரத்துல பாதி இவ தலையில. மாத்து ஆள் ஏன் போடல? செலவு கூடும்னு கிராணிக்குப் பயம். ஏன் பயம்? போன மாசம் செலவு கூடுனதுக்குத் துரை அவரை எல்லார் முன்னாலயும் நாறடிச்சுட்டாரு. பாத்தியா, மங்குல இருந்த அழுக்கு பங்களா வராண்டாவுல தொடங்குது. அஞ்சாவது ஏன் எப்பவும் முதலாளி வாசல்ல வந்துதான் நிக்கும். அதனாலதான் நிறைய எடத்துல ரெண்டாவதோட நிறுத்திக்கிறாங்க.

அப்ப டொயோட்டாவுல மட்டும் ஆளுங்க எப்படி வாயைத் திறந்தாங்கன்னு கேளு. அங்கயும் எல்லாம் சுமுகமாத் தொடங்கல. 1950-ல கம்பெனி திவாலாகிற நிலை. ஆயிரத்துக்கு மேல ஆளை வெளிய அனுப்புனாங்க, பெரிய வேலை நிறுத்தம். ஆனா ஆளை அனுப்புனவரு நாற்காலியில உக்காந்திருக்கல. சாக்கிச்சியோட மகன் கீய்ச்சிரோ டொயோடா, தலைவர் பதவியை விட்டுட்டு அவரும் போயிட்டாரு. மிச்சம் இருந்தவங்களுக்கு இனிமே வேலை போகாதுங்கிற பிடிமானம் கிடைச்சுச்சு. மறு வருஷம், 1951-ல, யோசனை சொல்ற திட்டம் தொடங்குனாங்க. வரிசையைக் கவனி மருமகனே. முதல்ல வேலைக்குப் பிடிமானம், அப்புறம் யோசனைப் பெட்டி. நீ பெட்டியை முதல்ல மாட்டிட்டே. அதுக்குப் பூட்டும் போட்டே. சாவி எங்கன்னு கேட்டா உன் பொண்டாட்டி கைப்பையில இருக்கலாம்ங்கிறே. பெட்டியில என்ன இருந்துச்சு? ஒரு மிட்டாய்க் காகிதம், ஒரு நம்பர் சீட்டு. யாரோ நாலு நம்பரு எழுதிப் போட்டிருக்கான், அது ஒண்ணுதான் உருப்படியான யோசனை.

'நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது மாமா, ஜப்பான்காரன் ரத்தத்துலயே இருக்கு'ன்னே. ரத்தப் பரிசோதனை எங்கே பண்ணுனே? நம்ம அலோர்ஸ்டார்ல பொறந்த மகாதீர் 1982-ல கிழக்கே பாருன்னு சொன்னப்பவும் இதையேதான் சொன்னாங்க. அரசாங்க ஆபிஸ் பூரா சட்டையில பேரு குத்துனாங்க, 'பெர்சே, செக்காப், அமானா'ன்னு சுவருல எழுதுனாங்க. பேரு குத்துன அட்டையால கவுண்டர்ல நம்மளைத் திட்டுனது யாருன்னாவது தெரிஞ்சுது, அதுவும் ஒரு முன்னேற்றந்தான். அது போகட்டும். சென்னை பாடியில சுந்தரம் கிளேட்டன்னு ஒரு கம்பெனி, அப்ப லாரி பிரேக் செஞ்சுது. ஜப்பான்காரன் 1951-லேர்ந்து தர்ற டெமிங் பரிசை அந்த பிரேக் பிரிவு 1998-ல வாங்குச்சு. இந்தியாவுலயே முதல் ஆளு. 2002-ல ஓசூர் டிவிஎஸ் மோட்டாரும் வாங்குச்சு. அங்க மெஷின்ல நின்னவன் யாரு? தோசை சாப்பிட்ட ஆளுதான். உன் ரத்தமும் அதே ரத்தந்தான், சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட.

தோட்டத்து ஆளுக்குச் சொந்தப் புத்தியில தன்னைத் திருத்திக்கத் தெரியாதுங்கிறவனுக்கு நான் பீடோங்கைக் காட்டுவேன். 1946, 47-ல இங்க ஹார்வார்ட் தோட்டத்துல ஏ. எம். சாமிங்கிறவர் தலைமையில தொண்டர் படை கிளம்புச்சு. எந்தத் துரையும் உத்தரவு போடல, எந்தப் பயிற்சிக்காரரும் வரல. குடியை விடு, லயத்தைச் சுத்தமா வை, கள்ளுக்கடையை மூடுன்னு ஆளுங்களே ஒழுங்கு கட்டி நின்னாங்க. தொழிலாளி தானா முன்வந்து கொடுத்த யோசனைக்கு அதைவிடப் பெரிசு இந்தக் கெடாவுல நடந்ததா எனக்குத் தெரியல. பதிலுக்கு என்ன கிடைச்சுச்சு? போலீசு, தடியடி, உயிர்ச் சேதம். யோசனைப் பெட்டிக்குப் பூட்டு போடுறது உன் கண்டுபிடிப்பு இல்ல.

அப்புறம், சுவத்துல 'தொண்ணூறு நாளில் முழு மாற்றம்'னு ஒரு அட்டவணை ஒட்டியிருக்கே, அதைப் பாத்து எனக்கு எங்க மரம் ஞாபகம் வந்துச்சு. அமேசான் காட்டுல கோடாலியால மரத்தைக் கொத்திப் பால் எடுத்தாங்க, மரம் செத்துச்சு. 1888-ல சிங்கப்பூர் பூந்தோட்டத்துக்கு வந்த ரிட்லிதான் வேற வழி காட்டுனாரு. அதே வெட்டை மறுபடி மறுபடி மெல்லிசாச் சீவு, மரம் பல வருஷம் கொடுக்கும். பைத்தியக்கார ரிட்லின்னு சிரிச்சாங்க. மனுசன் 1956 வரைக்கும் நூறு வயசு இருந்து பாத்தாரு. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். உளி ஆழமாப் போனா எலும்புல பட்டு மரம் முண்டும் முடிச்சுமா வீங்கும், பின்னால அந்தப் பக்கம் உளியே ஓடாது. தினம் வெட்டுறதுக்கு முன்னால உளியைத் தீட்டணும். மாசம் எவ்வளவு பட்டை செலவாச்சுன்னு மரத்துல குறி போட்டுப் பாப்போம். முன்னேற்றமும் அந்த வெட்டுதான். உன் சூப்பர்வைசர் தொண்ணூறு நாளுக்குள்ள காட்டணுமேன்னு ஆளுங்க மேல ஆழமாப் போடுறாரு. இப்பவே ரெண்டு பேரு வேற எடம் தேடுறாங்க.

என்ன செய்யணும்ங்கிறே? பேனரைக் கழட்டச் சொல்ல மாட்டேன், காசு கொடுத்து அடிச்சது, மழைக்கு லோரி மேல போத்தலாம். அந்த ஃபேனை நாளைக்கே மாத்து. அதுக்கு ஜப்பான் வேணாம், எலக்ட்ரிக்காரன் போதும். ஃபேன் ஓடுறதைப் பாத்தாத்தான் இந்த ஆளு சொன்னா நடக்கும்னு நம்புவாங்க. சீரக மூட்டையை நகத்தி, பட்டனை யாரு வேணா அமுக்கலாம்னு நீயே, உன் வாயால, எல்லாரும் இருக்கிறப்ப சொல்லு. நேப்பாளத் தம்பிக்கும் வங்காளத் தம்பிக்கும் புரியுற மலாய்ல சொல்லு, இங்கிலீசுல எழுதி ஒட்டாதே. முதல் தடவை ஒருத்தன் காரணமில்லாம அமுக்கிடுவான். அப்ப நீ என்ன மூஞ்சி வெச்சுக்கிறேன்னுதான் முப்பது கண்ணு பாக்கும். சிரி. சிரிப்பு வரலன்னா தும்மு, உன் மில்லுல அதுக்குப் பஞ்சமில்ல. நாளுக்கு ஒரு மணி நேரம் மெஷின் பக்கத்துல சும்மா நில்லு. போனைப் பைக்குள்ள போட்டுட்டு நில்லு. உபதேசம் பண்ணாதே.

ஆளைக் கொறைக்கிறதுக்கு இது வழின்னு நெனைச்சா, இப்பவே விட்டுடு. ஒருத்தன் யோசனையால மிச்சமான வேலையைக் காட்டி அவனையே வீட்டுக்கு அனுப்புனா, அதுக்கப்புறம் உனக்கு யோசனை வராது, கட்டிப்பால்தான் வரும். வேலை மிச்சமானா அந்தக் கையை வேற வேலைக்குப் போடு. இறைச்சி மசாலா கேட்டு பட்டர்வொர்த் கடைக்காரன் எத்தனை தடவை ஆள் அனுப்புனான்?

பணத்துல பங்கும் கொடு. பயப்படாதே, மில்லுல பங்கு கேக்கல. அதைக் கேட்டவரு துன் சம்பந்தன். 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பால் மரம் வெட்டுனவனையே தோட்டத்துக்குப் பங்காளி ஆக்குனாரு. முதல் தோட்டம் இங்கதான், கூலிம் பக்கம் புக்கிட் சீடிம். உனக்கு அவ்வளவு பெரிய மனசு வேணாம். மிச்சமானதுல பங்கு கொடுத்தாப் போதும். மூணு கழுவு ஒரு கழுவாச்சுன்னா, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மெஷின் உனக்குக் கூட ஓடுது. வெளுத்த மிளகாத்தூள் திரும்பி வர்றதில்ல. அந்த லாபம் எங்க போச்சு? உன் பைக்கு. அதைக் கண்டுபிடிச்ச அக்காவுக்கு என்ன போச்சு? இருநூறு வெள்ளி. இந்தக் கணக்கை எந்த ஜப்பான் படமும் சரி பண்ணாது, நீதான் பண்ணணும்.

அந்த இருநூறை அக்காவோட அடிப்படைச் சம்பளத்துல சேத்து, ஏன் சேத்தேன்னு மில்லுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லி, வர்ற ஏழாம் தேதிக்குள்ள கையில கொடு. ஏழாம் தேதிக் கெடு நான் வெச்சதில்ல மருமகனே, 1955 வேலைச் சட்டம் வெச்சது.